தட்டச்சு மட்டும் செய்தவளுக்கு ஒரு பட்டம்

“உங்கள் கணவர் இப்போது வீட்டில் இருக்கிறாரா?”

இங்கிலாந்துப் பேராசிரியை என்னிடம் கேட்ட முதற்கேள்வி இதுதான். வணக்கம் சொன்னார், தன் குரல் எனக்குக் கேட்கிறதா என்று பார்த்தார், மூக்குக்கண்ணாடியை ஒருமுறை மேலே தள்ளிவிட்டார், அடுத்து இதைக் கேட்டார். அப்படியொரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். எடுத்த எடுப்பிலேயே வரும் என்றுதான் நினைக்கவில்லை.

இருந்தார். மடிக்கணினியில் இருந்து நாலு எட்டு வைத்தால் குசினிக் கதவு. அதற்குப் பின்னால்தான் என் கணவர் யூட் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் எனக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று ஏழு மணிக்கே அதன் வயரைப் பிடுங்கிவிட்டார். வாசலில், மணி அடிக்க வேண்டாம், உள்ளே சோதனை நடக்கிறது என்று பிரெஞ்சில் எழுதி ஒட்டியிருந்தார். சூடு வரும் குழாய் மட்டும் அவர் சொல் கேட்காமல் டக்டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு துவாயைச் சுற்றிவிட்டிருந்தார்.

“இருக்கிறார்,” என்றேன். “குசினியில்.”

“அங்கிருந்து அவர் உங்களுக்கு விடை எதுவும் சொல்ல முடியாதுதானே?”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாவம், யூட்டிடம் விடை கேட்டால் எத்தனை கப் அரிசி போடுவது என்று சொல்லுவார். ஆனால் அந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? அவர் கையில் இருந்த கடதாசியில் நானே வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருந்தேன்.

போன வாரம் மொன்றியலில் எனக்குக் கிடைத்த முதல் வேலையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, “நீங்கள் பட்டதாரியா, கணக்காளரா, இரண்டில் எது?” என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இரண்டும் ஆவதற்கு நான் பட்ட பாட்டையும், கடைசி நேரத்தில் என் கையாலேயே அதைக் கெடுக்கப் பார்த்த கதையையும் சொன்னால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

ஒரு படிப்பு, இரண்டு சான்றிதழ்

மன்னாரில் உயர்தரச் சோதனை எழுதியபோது பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டேன். கொஞ்சம் என்றாலும் கீழே கீழேதான். பல்கலைக்கழகம் இல்லை என்றாகிவிட்டது. அப்படி நின்றுபோன பிள்ளைகள் எங்கள் நாட்டில் பிடிக்கிற வழி ஒன்று உண்டு: லண்டன் கணக்காளர் சோதனை. அதற்குப் பட்டம் தேவையில்லை. ஒவ்வொரு பாடமாக எழுதிக்கொண்டு மேலே போகலாம்.

நானும் கொழும்புக்குப் போய்த் தொடங்கினேன். பிறகு கலியாணம் வந்தது, விசா வந்தது, மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு வந்தது, நத்தாஷா வந்தாள். படிப்பு கொழும்பிலேயே நின்றுவிட்டது.

இங்கே ஒரு சிறிய கணக்காளர் அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. இடம் கீழ்த்தளம், பிரதி எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். ஒவ்வொரு கோடையிலும் பல்கலைக்கழகத்தில் இருந்து புதுப் பிள்ளைகள் வருவார்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த வாடிக்கையாளர் எதை மறைப்பார் என்று எல்லாவற்றையும் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளைகள் மேல்மாடிக்குப் போய்விடுவார்கள். அங்கே அவர்களுக்கென்று கதவு வைத்த அறை இருக்கும். எனக்கு அதே இயந்திரமும் அதன் சூடும்தான்.

முதலாளி நல்ல மனிதர். ஒருநாள் அவரே வந்து, “ஸ்டெல்லா, இவர்களைவிட நீ கெட்டிக்காரி. ஆனால் கோப்பில் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வர உனக்குப் பட்டம் வேண்டும். நான் என்ன செய்ய?” என்றார். இங்கே கணக்காளர் சங்கத்தின் வாசலில் முதலில் கேட்கிற கடதாசி அதுதான். அன்று பின்னேரம் மெட்ரோவில் நின்றுகொண்டே ஒரு முடிவு எடுத்தேன். பட்டம் இல்லாவிட்டாலும் விட்டதையாவது முடிப்போம் என்று லண்டன் சோதனைக்கு மறுபடியும் பதிந்தேன்.

அப்படிப் பதிந்த பிறகுதான் ஒரு புதையல் கண்ணில் பட்டது. இந்தச் சோதனைகளைக் குறிப்பிட்ட அளவுக்குத் தாண்டியவர்கள், கூடவே ஓர் ஆய்வறிக்கையும் தம்மைப் பற்றிய ஒரு கூற்றும் எழுதிக் கொடுத்துத் தேறினால், இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று அவர்களுக்குப் பட்டமே தருகிறதாம். ஒரு படிப்புக்கு இரண்டு சான்றிதழ்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்து யூட்டுக்குக் காட்டினேன். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லது. செய்யும்,” என்றார்.

யூட் எப்போதும் அப்படித்தான். குருநகர்க்காரர். ஆஸ்பத்திரியில் பிரெபோசே வேலை. நோயாளிகளைத் தூக்கி, குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளும் வேலை. நாள் முழுக்க மற்றவர்களோடு கதைத்துக் களைத்துப்போவதால் வீட்டில் சொற்களை எண்ணித்தான் செலவழிப்பார்.

புதையலுக்கு ஒரு பூதமும் இருந்தது. பதிந்த நாளில் இருந்து குறித்த வருடங்களுக்குள் பட்டத்தை எடுத்துவிட வேண்டும். வரிப் பாடத்தில் நான் இரண்டு தரம் கோட்டைவிட்டேன். நத்தாஷாவுக்கு அம்மை போட்ட வருடம் ஒரு சோதனைக்கும் போகவில்லை. எல்லாம் கழித்துப் பார்த்தால், அறிக்கை கொடுக்க எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு தவணை. அதையும் விட்டால் கணக்காளர் சான்றிதழ் மட்டும் கையில் இருக்கும், பட்டம் போய்விடும். பிறகு நாற்பது வயதில், பிரெஞ்சில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு முதலாம் வருடத்தில் போய்க் குந்த வேண்டியதுதான்.

ஜாக்கெட்டின் உட்பக்கம்

அறிக்கைக்கு ஒரு வழிகாட்டி வேண்டும் என்பது விதி. எனக்குக் கிடைத்தவர் ரம்யா. சென்னைப் பெண், என்னைவிட ஒன்பது வயது இளையவர், மொன்றியலுக்கு வெளியே புரோசார்ட்டில் வீடு. சனிக்கிழமை காலைகளில் அங்கே உள்ள பெரிய கடைத்தொகுதியின் சாப்பாட்டு மண்டபத்தில் சந்திப்போம். நான் கொண்டுபோகும், மீன் வைத்த மாலுப்பணிஸ் முடியும்வரை கதை, பிறகு வேலை.

“அக்கா, மூணு வருஷ ரிப்போர்ட் எடுத்து ஒரு கம்பெனியை அலசணும். எந்தக் கம்பெனின்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

“ஓம். பனிக்கால ஜாக்கெட் செய்யிற கொம்பனி.”

“ஏன் அது?”

“இந்த ஊரிலை எல்லாரும் வருசத்திலை பாதி நாள் அதுக்குள்ளைதானே இருக்கினம்.”

ரம்யா சிரித்தார். நான் பகிடிக்குத்தான் சொன்னேன். ஆனால் அந்தத் தெரிவு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா?

அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வருடத்துக்கு வருடம் விற்பனை சரிந்துகொண்டு போனது. காரணம் வெயில் என்று எழுதியிருந்தார்கள். பனிக்காலம் இளஞ்சூடாக இருந்ததாம், சனம் ஜாக்கெட் வாங்கவில்லையாம். அழகான கதை. ஆனால் போட்டி நிறுவனமும் அதே ஊரில், அதே பனியில்தான் விற்றது. அவர்களுடைய விற்பனை சரியவில்லை. இவர்களுடைய சரக்கு மட்டும் களஞ்சியத்தில் கிடக்கும் நாட்கள் கூடிக்கொண்டே போயின. சரக்கு எல்லாம் புதியது, விலை குறைத்து மதிக்கத் தேவையில்லை என்றும் அறிக்கையில் ஒரு வரி இருந்தது.

அந்த ஒரு வரி என்னை நித்திரை கொள்ள விடவில்லை. புதியது என்றால் ஏன் கிடக்கிறது?

அடுத்த சனிக்கிழமை ரம்யாவைச் சந்தித்த கையோடு நத்தாஷாவையும் இழுத்துக்கொண்டு அதே கட்டடத்தில் இருந்த ஜாக்கெட் கடைக்குள் போனேன். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. தாயோடு கடைக்குப் போவதே மானக்கேடு என்று நினைக்கிற வயது. நான் ஒவ்வொரு ஜாக்கெட்டாகத் திறந்து உட்பையைப் பார்த்தேன். அங்கே தையலோடு ஒரு சின்ன வெள்ளைத் துண்டு இருக்கும். அதில் எந்தப் பருவத்துக்காக, எந்த வருடம் தைத்தது என்று ஒரு குறியீடு. வெளியே தொங்கியது பளபளக்கும் புது விலைச்சீட்டு. உள்ளே, இரண்டு பனிக்காலத்துக்கு முந்திய வருடம்!

இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் பழசு. பக்கத்தில் உள்ளது, அதற்குப் பக்கத்தில் உள்ளது, எல்லாம் பழசு. எனக்குச் சந்தோசம் தாங்க முடியவில்லை. கடைக்காரப் பிள்ளை ஓடிவந்து, ஏதும் உதவி வேண்டுமா என்று பிரெஞ்சில் கேட்டாள். வேண்டாம், மெர்சி என்று சொல்லிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

“அம்மா, ப்ளீஸ். எல்லாரும் பாக்கினம். செக்யூரிட்டி வாறார்.”

“வரட்டும். இதுகள் எல்லாம் பழைய சரக்கு, தெரியுமே? அவை பொய் சொல்லுகினம்!”

“ஸோ? நீங்கள் பொலிஸா?”

நான் பொலிஸ் இல்லை. ஆனால் அன்று அந்தக் கடையில் கம்பளிக் கழுத்துகளுக்கு நடுவில் வியர்த்துப்போய் நின்றபோது, எனக்குள் ஒரு கணக்காளர் எழும்பி உட்கார்ந்தது உண்மை. மற்றவர்கள் எழுதித்தந்த இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே இத்தனை வருடம் இருந்தவள், முதல்முறையாக ஓர் இலக்கத்தை நம்ப மறுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் அறிக்கையின் பத்தொன்பதாம் பக்கம் அந்த ஜாக்கெட்டுகளுக்கே போனது.

ஒலிவாங்கி கையில் கிடைத்தால்

இனித்தான் நான் செய்த கூத்து.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தேவாலயப் பங்கு மண்டபத்தில் முதல்நன்மை விருந்தாக இருக்கட்டும், அரங்கேற்றமாக இருக்கட்டும், யாரிடமாவது ஒலிவாங்கியைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் ஆண்டவருக்கு நன்றி. பிறகு மாதாவுக்கு, அந்தோனியாருக்கு, பங்குச் சுவாமிக்கு, அப்பா அம்மாவுக்கு, பாரிஸில் இருந்து வர முடியாமல்போன மாமாவுக்கு, மண்டபம் தந்தவருக்கு, ஒலிவாங்கியை இரவலாகத் தந்தவருக்கு. எட்டு வருடம் பரதம் பழகிக் கால் தேய்ந்த பிள்ளை, “எல்லாம் ரீச்சற்றை கருணை, நான் ஒண்டுமே செய்யேல்லை,” என்று சொல்லி இறங்கும். சனம் கை தட்டும். “நான் நல்லாப் பழகினேன், நல்லா ஆடினேன்,” என்று அந்தப் பிள்ளை சொல்லட்டும் பார்ப்போம். வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் எல்லாரும் அதன் வாய்க்கொழுப்பைத்தான் கதைப்பார்கள்.

நானும் அந்த மண்டபத்தில் வளர்ந்தவள்தானே. அறிக்கையோடு ‘உங்களைப் பற்றிய கூற்று’ என்று ஒன்று கேட்டிருந்தார்கள். இந்த ஆய்வில் நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன கற்றீர்கள் என்று எழுத வேண்டும். நான் என்ன எழுதினேன்? ஒலிவாங்கி கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

“இந்த அறிக்கையில் உள்ள ஒவ்வோர் இலக்கமும் என் கணவரால் ஆனது. அவர் இல்லாவிட்டால் இதில் ஒரு வரிகூட இல்லை. என் வழிகாட்டி எனக்கு எல்லாவற்றையும் தந்தார். நான் தட்டச்சு மட்டுமே செய்தேன்.”

இதை நல்ல ஆங்கிலத்தில், அழகான சொற்கள் தேடித் தேடி எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே இரண்டு தரம் சத்தமாக வாசித்துக் காட்டிக்கொண்டேன். வழிகாட்டி என்ற முறையில் படித்துப் பார்த்துச் சரியென்று ஒப்பமிட வேண்டியவர் ரம்யா. அவருக்கும் அதே வியாதி.

“அக்கா, ரொம்ப நல்லா இருக்கு. கடைசி பாரா படிக்கறப்போ கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.”

“கூடிப்போச்சோ, ரம்யா?”

“சேச்சே. இப்படித்தான்கா எழுதணும். அடக்கமா.”

சந்தேகப்பட்டது ஓர் ஆள்தான். நத்தாஷா என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டு, “அம்மா, ஏன் பொய் எழுதுறீங்கள்? அப்பாக்கு எக்செல் திறக்கவே தெரியாது,” என்றாள். பெரிய ஆட்களின் விசயம் உனக்கு விளங்காது என்று அவளை விரட்டிவிட்டு, அனுப்பும் பொத்தானை அமத்தினேன்.

விளக்கம் தேவை

இரண்டு மாதத்தில் மின்னஞ்சல் வந்தது. மதிப்பெண் இருக்கும் என்று திறந்தேன். அறிக்கையின் தரம் பற்றித் தங்களுக்குக் குறை இல்லை என்று தொடங்கினார்கள். ஆனால், இந்த வேலையை விண்ணப்பதாரர் தாமே செய்யவில்லை என்பது அவருடைய கூற்றிலிருந்தே தெரிவதாகவும், நேர்முகத்தில் விளக்கம் தர வேண்டும் என்றும், விளக்கம் திருப்தி தராவிட்டால் அறிக்கை நிராகரிக்கப்படும் என்றும் முடித்திருந்தார்கள்.

நான் அதை மூன்று தரம் வாசித்தேன். என் வாக்குமூலத்தை என் மூஞ்சிக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். நிராகரித்தால் கடைசித் தவணையும் போய்விடும், பட்டமும் போய்விடும்.

ரம்யாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

“ஐயோ அக்கா. நான் சைன் பண்ணிட்டேனே. எனக்கு அது தப்பாவே தெரியலையே!”

“எனக்கும் தெரியேல்லை. அதுதானே வில்லங்கம்.”

யூட் குசினியில் கரட் சீவிக்கொண்டு நின்றார். விசயத்தைச் சொன்னேன். சீவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“உதிலை என்னைப் பற்றி என்ன எழுதினனீர்?”

“எல்லா இலக்கமும் நீங்கள் செய்தது எண்டு.”

“விசரே உமக்கு? எனக்கு வருமான வரிப் படிவமே நீர்தானே நிரப்பித் தாறனீர்.” கையைத் துடைத்தார். “அப்ப நானும் வந்து இருக்கிறன். எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லிவிடுறன்.”

“நான் தனியத்தான் கதைக்கவேணுமாம்.”

“அப்ப தனியக் கதையும்,” என்று சொல்லிவிட்டு மறுபடி கரட்டைச் சீவத் தொடங்கினார்.

குசினிக்குக் கேட்கும் தூரம்

ஆக, அந்தக் காலை எட்டு மணி. நத்தாஷா பள்ளிக்கூடம் போய்விட்டாள். யூட்டுக்குப் பின்னேர டூட்டி. திரையில் பேராசிரியை என் கூற்றை எனக்கே வாசித்துக் காட்டினார். அவர் வாயில் இருந்து வந்தபோதுதான் அது எவ்வளவு மோசமாக இருந்தது என்று விளங்கியது.

நான் விளக்கத் தொடங்கினேன். எங்கள் சமூகத்தில் நன்றி சொல்வது, பணிவு, மண்டபம், ஒலிவாங்கி என்று சுற்றி வளைத்துக்கொண்டு போனேன். அவர் கையைத் தூக்கினார்.

“நன்றியைப் பற்றி நான் கேட்கவில்லை. வேலையை யார் செய்தது என்று கேட்கிறேன். உங்கள் கணவர் இதில் ஏதாவது கணக்குப் போட்டாரா?”

கதவுக்குப் பின்னால் ஆள் நிற்கிறது. என்னைத் திரும்பப் படிக்கவிட்டு, ஞாயிறு ஞாயிறாக உடுப்புத் துவைத்து, பிள்ளையைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்து, நான் சோதனையில் விழுந்த நாட்களில் ஒரு கேள்வியும் கேட்காமல் சோறு போட்டுத் தந்த ஆள். அவருடைய ஆங்கிலம் பெரிதில்லை. ஆனால் ‘நோ’ என்ற சொல் விளங்க எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்?

“இல்லை,” என்றேன்.

“எதையாவது எழுதினாரா?”

“இல்லை.”

“நிறுவனத்தைத் தெரிவு செய்ததில், முடிவுகளை எடுத்ததில்?”

“இல்லை. அவருக்கு அந்த நிறுவனத்தின் பெயரே தெரியாது.”

“அப்படியானால் அவர் என்னதான் செய்தார்?”

“சமைத்தார். பிள்ளையைப் பார்த்தார். வேலைக்குப் போனார். அது பெரிய உதவி. ஆனால் அது இந்த வேலை இல்லை.” அதோடு நிறுத்தவில்லை. “வழிகாட்டி கேள்வி கேட்டார், விடை நான் தேடினேன். இந்த வேலையை நான் செய்தேன். முழுவதும் நான்தான் செய்தேன்.”

அப்படி ஒரு வசனத்தை என் வாழ்க்கையில் நான் சொன்னதே இல்லை. காது இரண்டும் சுட்டன. யாராவது கேட்டுவிட்டு ஏசப்போகிறார்கள் என்று பயமாக இருந்தது.

பேராசிரியை பக்கங்களைப் புரட்டினார். “பத்தொன்பதாம் பக்கம். சரக்கு புதியது என்று நிறுவனம் சொல்கிறது, பழையது என்று நீங்கள் சொல்கிறீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

இதைக் கேட்டாரோ இல்லையோ, எனக்குப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. உட்பையில் இருந்த வெள்ளைத் துண்டில் தொடங்கினேன். பருவக் குறியீட்டைச் சொன்னேன், கடைக்காரப் பிள்ளையைச் சொன்னேன், என் மகள் வெட்கத்தால் செத்துப்போனதைச் சொன்னேன். ஒரே கடையை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று இன்னும் இரண்டு கடைகளுக்குப் போனதைச் சொன்னேன். போட்டி நிறுவனத்தின் கடைக்குள்ளும் போய் ஒப்பிட்டுப் பார்த்ததைச் சொன்னேன். வெயில் கதையை ஏன் நம்பவில்லை என்று கேட்டார். அதே வெயிலில் மற்றவன் விற்றானே என்றேன். இது விலைமதிப்பை எப்படிப் பாதிக்கும் என்று கேட்டார். கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். ஒரு கட்டத்தில் மேசைக்குக் கீழே இருந்த என் சொந்த ஜாக்கெட்டைத் தூக்கி, உட்பக்கத்தைப் புரட்டி அவருக்குக் காட்டிக்கொண்டு நின்றேன்.

“போதும், போதும்,” என்றார். அவர் சிரித்தது அப்போதுதான். “எழுத்தில் முடிவு வரும். அதற்கு முன்னால் நான் ஒன்றும் சொல்லக் கூடாது. ஆனால் தயவுசெய்து, இனிமேல் உங்களைப் பற்றி நீங்கள் எழுதும்போது உண்மையை எழுதுங்கள்.”

திரை அணைந்தது. குசினிக்குள் ஓடினேன். யூட் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளிர்சாதனப் பெட்டியின் வயரைச் சொருகிக்கொண்டிருந்தார். அது சொருகி முடிய இவ்வளவு நேரம் எடுக்காது.

“கேட்டதே?” என்றேன்.

“ம்.” திரும்பவில்லை. “நான் இண்டைக்கு வெள்ளெனப் போறன். பஸ் பிந்தும்.”

பத்து மணிகூட ஆகவில்லை. அவருடைய டூட்டி மூன்றுக்கு. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஏழாம் மாடி

அதற்குப் பிறகு அவர் அந்தக் காலையைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. சோறு வழமைபோல வந்தது, உடுப்பு வழமைபோல மடிந்தது. ஆனால் எனக்கு மனது கேட்கவில்லை. பட்டத்துக்காக அந்த மனிதரை ஒன்றுமில்லாத ஆளாக்கிவிட்டேனே என்று ஒரு பக்கம். பட்டமும் வராமல்போனால் இரண்டும் போச்சே என்று இன்னொரு பக்கம். மெட்ரோவில் கண்ணை மூடினால் அந்த முதுகுதான் வந்து நின்றது.

மின்னஞ்சல் வந்தது ஒரு மதிய நேரம். வரிக்காலம் முடிந்து அலுவலகம் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அறிக்கை விண்ணப்பதாரரின் சொந்த வேலை என்று குழு ஏற்றுக்கொண்டதாக முதல் வரி. தேர்ச்சி என்று இரண்டாம் வரி. பட்டம் வழங்கப்படும் என்று மூன்றாம் வரி. நான்காம் வரியை வாசிக்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் மேல்மாடியில் இருந்து கதவுகள் திறந்தன. முதலாளி படியில் ஓடிவந்து, யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். எனக்கு நடந்தது என்றேன். கட்டிப்பிடித்தார். நாங்கள் இருவரும் பிரதி எடுக்கும் இயந்திரத்தில் மோதி, அது தன்பாட்டில் வெள்ளைத்தாள்களைத் துப்பத் தொடங்கியது.

அன்று யூட்டுக்குப் பகல் டூட்டி. தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவருடைய மாடிக்கு நான் அதற்கு முன் போனதே இல்லை. ஏழாம் மாடியில் மின்தூக்கி திறந்ததும் ஒரு மேசை. அதில் ஹெயிட்டிக்காரப் பெண்மணி ஒருவர் இருந்தார். சட்டையில் மிஷ்லின் என்று பெயர்.

“போன்ஜூர். நான் யூட்டின் மனைவி,” என்றேன்.

அவர் எழும்பிவிட்டார். “கணக்காளர்!”

“இன்னும் முழுதாக இல்லை...”

“வரியில் இரண்டு தரம் விழுந்தது நீதானே? ஜாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்த்தது நீதானே?” அவர் சத்தம் கேட்டு இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். “உன்னை இந்த மாடி முழுக்கத் தெரியும். மதியச் சாப்பாட்டில் வேறு கதையே இல்லை. வருசக்கணக்காக இதைத்தான் சொல்கிறான். ‘நான் சோறு மட்டும்தான் போடுகிறேன். மற்றதெல்லாம் அவள் தனியாகச் செய்கிறாள், முழுவதும் தனியாக.’ நாங்கள் அலுத்துப்போனோம், அம்மா!”

வீட்டில் சொல்லை எண்ணிச் செலவழிக்கும் ஆள், இங்கே பிரெஞ்சில் என்னைப் பற்றி இவ்வளவு கதைத்திருக்கிறார். அந்த வசனத்தை நான் சொன்னது அதற்கு முந்திய மாதம்தான். அவர் வருசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

நடைபாதையின் கோடியில் யூட் வெறும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். முகம் வெளிறிவிட்டது.

“என்னப்பா, என்ன நடந்தது? பிள்ளைக்கு ஏதும்...?”

“பிள்ளைக்கு ஒண்டுமில்லை. நான் பாஸ்.”

“பாஸோ?”

“ஓம். பட்டம் கிடைச்சிட்டுது.”

அவர் நாற்காலியை விடவில்லை. அதன் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். மிஷ்லின் கை தட்டத் தொடங்க, ஓர் அறைக்குள் இருந்து நோயாளி ஒருவரும் ஏன் என்று தெரியாமலே பிராவோ என்று சத்தம் போட்டார்.

நான் கிட்டப் போனேன். “அண்டைக்கு ஏன் ஒண்டும் கதைக்காமல் போனனீங்கள்? நான் சொன்னது உங்களுக்குக் கவலையாப் போச்சு எண்டு நான் இவ்வளவு நாளும்...”

“கவலையோ?” என்றார் யூட். “உம்மடை வாயாலை அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டவுடனை எனக்கு அழுகை வந்திட்டுது. சோதினை முடிச்சு வந்து நிக்கிற ஆளுக்கு முன்னாலை என்னண்டு அழுகிறது? அதுதான் பஸ்சுக்குப் போனனான்.”